பயணப்படாத தக்காளி

தேனியை ஒட்டி அன்னஞ்சி என்றோர் ஊர் இருக்கிறது. அதே பெயரில் ஒரு உள்ளூர்த் தக்காளி ரகமும் இருந்தது. பெரியகுளத்தில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள் அந்த ரகத்தில் சடுதி மாற்றத்தை உண்டாக்கி, அதிலிருந்து பொறுக்கி எடுத்து வெளியிட்டதுதான் பி.கே.எம். 1. லேசாகச் சப்பை விழுந்த உருண்டைப் பழம், காம்பைச் சுற்றி அழுத்தமான பச்சைத் தோள், தொலைதூரம் அனுப்பினாலும் தாங்கும் தோல். தமிழ்நாட்டில் தக்காளி போட்டுப் பழகிய விவசாயிகளில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. தாய் ரகமான அன்னஞ்சியின் பெயரோ வேளாண் பாடங்களில் ஒரு வரியாக நிற்கிறது.

ஒரு ரகம் மறைந்துபோக யாரும் அதை அழிக்க வேண்டியதில்லை. அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வைக்காமல் விட்டாலே போதும். டப்பாவில் கிடக்கும் விதையும் சில வருடங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். நெல்லுக்கு இந்த ஆபத்து வந்தபோது இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி விதையைக் கைமாற்றினார். இன்று கருப்புக் கவுனியையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறோம். தக்காளிக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. காய்கறிக் கடையில் நமக்குத் தெரிந்த தக்காளி இரண்டுதான்: ஒன்று நாடு, இன்னொன்று பெங்களூர்.

நெல்லைக் காப்பாற்ற வயல் வேண்டும். தக்காளியைக் காப்பாற்ற மொட்டை மாடியில் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் ஒரு மூலையும் சில பைகளும் போதும். பழைய தக்காளி ரகங்களின் எதிர்காலம் இனி பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களில்தான் இருக்கிறது என்று சொல்ல இந்தக் கட்டுரை துணிகிறது. அதற்கான காரணம் சந்தையிலேயே இருக்கிறது.

லாரிக்காகத் தேர்ந்தெடுத்த தோல்

ஒட்டன்சத்திரத்திலோ ராயக்கோட்டையிலோ ஏற்றிய பழம் விடியலுக்குள் கோயம்பேடு வந்து சேர வேண்டும். கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும்கூடப் பெட்டிகள் வருகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளில், அடிப்பெட்டிப் பழம் நசுங்கினால் நஷ்டம் விவசாயிக்கு. ஆகவே தோல் தடித்த, சதை இறுகிய, ஒரே அளவில் ஒரே நாளில் நிறம் ஏறும் பழத்தைச் சந்தை கேட்டது. விதைக் கம்பெனிகள் அதையே உருவாக்கின. பத்து நாள் கிடந்தாலும் தளராத பழம் கிடைத்தது. கையால் பிசைந்தால் ரசத்தில் கரையும் பழம் மெல்லக் குறைந்தது.

சுவை போய்விட்டது என்று பாட்டிகள் சொன்னதை ஆய்வகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய ரகங்களில் காய் பச்சையாக இருக்கும்போது காம்பைச் சுற்றி மட்டும் கரும்பச்சையாக ஒரு வளையம் இருக்கும். அதைத்தான் பச்சைத் தோள் என்கிறார்கள். பழம் சீராகச் சிவக்கவில்லை என்று வியாபாரிகள் அதைக் குறையாகப் பார்த்ததால், தோள் இல்லாமல் ஒரே வெளிர்ப்பச்சையாகக் காய்க்கும் செடிகளை உலகெங்கும் விதை உற்பத்தியாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, அந்தத் தேர்வில் காயின் பசுங்கணிகங்களை வளர்க்கும் ஒரு மரபணு செயலிழந்து போனதைக் காட்டியது. பசுங்கணிகம் குறைந்தால் காய் தனக்குத்தானே தயாரித்துக்கொள்ளும் சர்க்கரையும் குறைகிறது. அழகுக்காகத் தோளை நீக்கினோம், கூடவே இனிப்பில் ஒரு பங்கும் போய்விட்டது.

2017இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீயும் அவரோடு இணைந்த ஆய்வாளர்களும் சுமார் 400 தக்காளி ரகங்களை ஆராய்ந்தார்கள். நாவுக்குத் தெரிவது இனிப்பும் புளிப்பும். தக்காளியைத் தக்காளி என்று அடையாளம் காட்டுவது மூக்குக்குப் போகும் ஆவிப்பொருட்கள். பழைய ரகங்களோடு ஒப்பிட்டால், புதிய வணிக ரகங்களில் இந்த மணப்பொருட்களில் 13 கணிசமாகக் குறைந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். நல்ல பழத்தையே ஒரு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மணம் மங்குவதையும் இதே குழுவினர் அதற்கு முந்தைய ஆண்டு காட்டியிருந்தார்கள். வீட்டில் பறித்த பழத்தைக் கூடையில் வெளியே வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம்.

இதற்காக வீரிய ஒட்டு ரகம் போடும் விவசாயியைக் குறை சொல்வது நியாயமில்லை. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் வீரிய ஒட்டு ரகம்தான். இலைச் சுருட்டு நச்சுயிரி, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்றையும் எதிர்த்து நிற்பது. கடன் வாங்கிச் சாகுபடி செய்பவருக்கு அது பெரிய பாதுகாப்பு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். வேறு மாதங்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுவதும் இதே தக்காளிதான். இந்த ஏற்ற இறக்கத்தின் நடுவில் நிற்கும் ஒருவரிடம், மெல்லிய தோலுள்ள, நோய்க்கு இளகிய பழைய ரகத்தைப் போடுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

வீட்டுத் தோட்டத்தில் கணக்கு வேறு. மாடியிலிருந்து அடுப்படிக்குப் படி இறங்கும் தூரம்தான் பழத்தின் பயணம். தோல் மெலிந்திருந்தால் என்ன, வரி ஓடி கோணலாக இருந்தால் என்ன? ஒரே நாளில் பழுக்காமல் வாரத்துக்கு நாலைந்தாகப் பழுப்பது வயலில் குறை, வீட்டில் வசதி. சந்தை எதையெல்லாம் குற்றமாகக் கண்டு தள்ளியதோ அதையெல்லாம் மன்னிக்கக்கூடிய இடம் வீட்டுத் தோட்டம் ஒன்றுதான்.

எது நாட்டு விதை?

தக்காளி நம் மண்ணில் பிறந்ததில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகி, ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்கும் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. இன்று நாம் நாட்டு ரகம் என்று சொல்வது, தன் விதையிலிருந்து தன்னைப்போலவே முளைக்கும் ரகத்தைத்தான். இந்தக் குணம் ஒன்றே அளவுகோல். கடையில் ‘நாடு’ என்று பலகை வைத்த குவியலில் இருப்பதெல்லாம் அப்படிப்பட்டதல்ல. உருண்டையாக, புளிப்பாக இருக்கும் வீரிய ஒட்டு ரகங்களும் அந்தப் பெயரில் விற்பனையாகின்றன. விதைப் பாக்கெட்டில் ‘எஃப் 1’ என்று அச்சிட்டிருந்தால் அது வீரிய ஒட்டு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். வீரிய ஒட்டுத் தக்காளியின் விதை மலட்டு விதை, முளைக்காது என்று பலர் மேடையிலேயே பேசுகிறார்கள். நன்றாகவே முளைக்கும். ஆனால் பத்துச் செடி முளைத்தால் ஒன்று உருண்டையாகக் காய்க்கும், ஒன்று நீளமாக. ஒன்று குட்டையாக நிற்கும், ஒன்று படரும். இரண்டு வேறுபட்ட பெற்றோரின் குணங்கள் அடுத்த தலைமுறையில் பிரிந்து விழுவதால் இப்படி ஆகிறது. கையில் இருப்பது எது என்று அறிய இதுவே சோதனையும்கூட. ஒரே பழத்தின் விதையில் பத்துச் செடி வளர்த்துப் பாருங்கள். பத்தும் ஒன்றுபோல் காய்த்தால் நம்பி விதை எடுக்கலாம். பிரிந்துபோனாலும் பிடித்த செடியிலிருந்து மட்டும் ஆறேழு தலைமுறை விதை எடுத்துக்கொண்டே வந்தால் அது நிலைபெற்றுவிடும். உங்கள் வீட்டுக்கென்று ஒரு ரகம் அப்படிப் பிறக்கும்.

இப்போது இணையத்தில் பிராண்டிவைன், பிளாக் கிரிம் என்று வெளிநாட்டுப் பாரம்பரிய ரகங்களின் விதை நிறைய விற்கிறது. ஊதாவும் கறுப்பும் மஞ்சளுமாகப் படங்கள் கண்ணைக் கவரும். அவற்றில் பெரும் பழமாகக் காய்ப்பவை குளிர்ந்த இரவுகளுக்குப் பழகியவை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் முயன்று பார்க்கலாம். சென்னையிலும் மதுரையிலும் செடி செழித்து வளர்ந்து, பூவை மட்டும் உதிர்த்துவிடும். முதல்முறை வளர்ப்பவர்கள் நம் ஊர் வெயிலுக்குப் பழகிய விதையில் தொடங்குவது நல்லது. விதைத் திருவிழாக்களில் கிடைக்கும் வரி ஓடிய சப்பைத் தக்காளி, கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் சின்னத் தக்காளி, எதுவும் கிடைக்காவிட்டால் பி.கே.எம். 1. கடைசியாகச் சொன்னது பாரம்பரிய ரகம் இல்லைதான். ஆனால் அதன் விதையை நீங்களே எடுத்து மறுபடி விதைக்கலாம், கைப்பழக்கம் வரும்.

ஆடிப்பட்டம் எல்லோருக்கும் பொருந்தாது

தக்காளிப் பூ காயாவதைத் தீர்மானிப்பது இரவின் வெப்பம். இரவில் 24 டிகிரி செல்சியஸுக்கு மேலும் பகலில் 35க்கு மேலும் தொடர்ந்து போனால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். பங்குனி, சித்திரையில் பூ நிற்கவில்லை என்று உரத்தை அள்ளிப் போடுவதில் பயனில்லை. வெயில் காலத்துப் பழம் சிவக்காமல் ஆரஞ்சாக நிற்பதற்கும் வெப்பமே காரணம். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைகோபீன் உருவாவது தடைப்படுகிறது.

கோவை, திண்டுக்கல், தேனி, தருமபுரிப் பக்கம் ஆனி, ஆடியில் விதைக்கலாம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன பழமொழியைச் சென்னை, கடலூர், நாகைக்காரர்கள் தக்காளிக்கு அப்படியே பின்பற்றினால், சரியாகப் பழம் பழுக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து இலையைக் கருக்கிப் பழத்தை வெடிக்கவைக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் கார்த்திகையில் கூரைக்கு அடியில் நாற்று விட்டு, மழை ஓய்ந்ததும் மார்கழியில் பையில் நடுவது நல்லது. மாசி, பங்குனியில் பறிக்கலாம்.

நாற்று விடக் குழித்தட்டு இருந்தால் நல்லது, காகிதக் கோப்பையும் போதும். மக்கிய தென்னை நார்க்கழிவும் சலித்த மண்புழு உரமும் சம அளவு. கால் அங்குல ஆழத்துக்கு மேல் விதை போகக்கூடாது. ஐந்திலிருந்து எட்டு நாளில் முளைக்கும். முளைத்ததும் வெயிலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நிழலில் வைத்த நாற்று வெளிச்சத்தைத் தேடி நூலாக நீண்டு சாய்ந்துவிடும். புதியவர்கள் தக்காளியைக் கைவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். சுமார் 25 நாளில், ஐந்தாறு இலை வந்ததும் இடம் மாற்றலாம். நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதிவரை மண்ணுக்குள் இறக்குங்கள். தக்காளித் தண்டு மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். மற்ற பெரும்பாலான காய்கறி நாற்றுகளை இப்படி ஆழ நட்டால் அழுகிவிடும்.

செடிக்கு ஒரு பை, பதினைந்து அங்குல உயரமாவது வேண்டும். செம்மண், தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்து, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. முன்பு கத்தரியோ மிளகாயோ இருந்த மண்ணை அப்படியே பயன்படுத்தாதீர்கள், மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே. பழைய ரகங்களில் பல படர்ந்து உயர்பவை என்பதால் நட்ட அன்றே ஊன்றுகோல் கொடுத்துச் சணலால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும்.

தண்ணீர்தான் அதிகம் தவறு நடக்கும் இடம். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் பழத்தின் அடியில் கறுத்த வட்டம் விழும். கால்சியம் குறைவு என்று சொல்லி முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், அதைக் காய்வரை கொண்டுபோகும் நீரோட்டம்தான் அறுபட்டிருக்கும். முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும். சீராகத் தண்ணீர் விட்டு, மண்ணின்மேல் சருகு மூடாக்குப் போட்டால் அடுத்த கொத்திலேயே சரியாகிவிடும்.

பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. மகரந்தம் குழல் போன்ற பைக்குள் அடைபட்டிருப்பதால் அதிர்ந்தால்தான் உதிரும். தேனீயால் அந்த அதிர்வைத் தர முடியாது. சிறகுத் தசைகளை அதிரவிட்டு ரீங்கரிக்கும் கருவண்டு தரும். வண்டு வராத மாடியில் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள்.

நோய் விஷயத்தில் உண்மையை மறைக்கக்கூடாது. வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச் சுருட்டு நச்சுயிரிக்குப் பழைய ரகங்கள் எளிதில் இரையாகும். சுருண்ட செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கிவிட வேண்டும். நாற்றுப் பருவத்தில் மெல்லிய வலையால் மூடுவதும், மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுவதும், வாரம் ஒருமுறை வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பதும் வருமுன் காப்பவை. காய்த்துளைப்பானைத் திசைதிருப்பச் செடிக்குப் பக்கத்தில் செண்டுமல்லி வையுங்கள். தாய் அந்துப்பூச்சி முட்டையிட அதைத் தேடிப் போகும். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பவர் இருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடவிடாதீர்கள், புகையிலையில் இருக்கும் தேமல் நச்சுயிரி தக்காளிக்கும் தொற்றும்.

விதை எடுக்கும் நாள்

வளர்ப்பதுவரை பலரும் வருகிறார்கள். விதை எடுப்பதில்தான் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிதாகப் பாக்கெட் வாங்கும்வரை நாம் வளர்ப்பது தக்காளியை மட்டும்தான், ரகத்தை அல்ல.

நல்ல பழத்தைத் தேடாதீர்கள், நல்ல செடியைத் தேடுங்கள். பக்கத்துச் செடிகள் சுருண்டபோது நிமிர்ந்து நின்றது எது, பூ குறைவாக உதிர்த்தது எது, பழத்தின் மணம் எதில் நன்றாக இருந்தது என்று பார்த்து, அந்தச் செடியில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிடுங்கள். ஒரே செடியில் எல்லா விதையையும் எடுக்காமல் நாலைந்து செடியிலிருந்து எடுத்துக் கலந்தால் ரகத்தின் வலு குறையாது. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறும். ஆகவே வெள்ளரி, பூசணி அளவுக்குக் கலப்பு ஏற்படாது. ஆனாலும் சான்று விதை உற்பத்தியில் 25 மீட்டர் இடைவெளி வைக்கிறார்கள். மாடியில் அதற்கு இடம் ஏது? விதைக்கென்று ஒதுக்கும் பூங்கொத்தை மொட்டாக இருக்கும்போதே மெல்லிய வலைத்துணிப் பையால் கட்டிவிட்டு, தினமும் பையோடு சேர்த்துச் சுண்டிவிடுங்கள். காய் பிடித்ததும் பையை அவிழ்த்துவிடலாம்.

பழம் செடியிலேயே முழுதாகப் பழுத்துத் தளர வேண்டும். இரண்டாக நறுக்கி விதையை வழுவழுப்போடு ஒரு கண்ணாடிக் குவளையில் பிழியுங்கள். அந்த வழுவழுப்பில் முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. ஈரமான பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடாமல் இருப்பது அதனால்தான். சிறிது தண்ணீர் சேர்த்து, துணியால் வாயைக் கட்டி, நிழலில் வைத்தால் புளித்து மேலே வெள்ளையாகப் பூஞ்சணம் படியும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் மூன்று, நாலு நாள் என்று இருக்கும். நம் வெப்பத்துக்கு இரண்டு நாளே போதும், அதற்கு மேல் விட்டால் உள்ளேயே முளைவிட்டுக் கெட்டுவிடும். தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதக்கும். மிதப்பதை வடித்துவிட்டு, நன்றாக அலசி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

சலசலவென்று உதிரும் அளவுக்குக் காய்ந்ததும் சலித்த அடுப்புச் சாம்பலைக் கொஞ்சம் கலந்து சின்னக் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள். ரகத்தின் பெயர், யாரிடம் வாங்கியது, எந்த ஊர், எந்த மாதம் எடுத்தது என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள். ஒரு கிராமில் சுமார் 300 விதை இருக்கும். உங்கள் வீட்டுத் தேவை அதில் பத்தோ இருபதோ. மிச்சம் மற்றவர்களுக்கு. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விளைந்ததில் விதை எடுக்கவும் மறுபடி விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் உழவருக்கு உரிமை தருகிறது என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இப்படி விதையைப் பரிமாறிக்கொள்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்தது சாட்சி. 1975இல் டயன் ஓட் வீலியும் கென்ட் வீலியும் தங்கள் குடும்பத்தில் பவேரியாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு தக்காளியின் விதையையும் ஒரு பூங்கொடியின் விதையையும் வைத்துக்கொண்டு தொடங்கிய பரிமாற்ற வட்டம், பின்னாளில் ‘சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்’ என்னும் பெரிய அமைப்பாக வளர்ந்தது. 1990இல் வீட்டுத் தோட்டக்காரர் கிரெய்க் லெஹூலியருக்கு டென்னசியிலிருந்து தபாலில் பெயரில்லாத ஊதா நிறத் தக்காளி விதை ஒரு உறையில் வந்தது. செரோக்கிப் பழங்குடியினரிடமிருந்து வழிவழியாக வந்தது என்று கடிதம் சொன்னது. அவர் வளர்த்து, ‘செரோக்கி பர்ப்பிள்’ என்று பெயரிட்டு, விதை நிறுவனங்களுக்கு அனுப்பினார். இன்று உலகெங்கும் வளர்கிறது. இரண்டு கதையிலும் ஆய்வகம் இல்லை, அரசுத் திட்டம் இல்லை. கொல்லையில் வளர்த்தவர்களும் தபால்தலையும்தான்.

தில்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வளங்கள் நிறுவனத்தின் குளிர்க்கிடங்கிலும், தைவானில் உள்ள உலகக் காய்கறி மையத்திலும் ஆயிரக்கணக்கான தக்காளி விதைகள் உறங்குகின்றன. அவை வேண்டும், அந்தப் பணி பெரியது. ஆனால் உறைநிலையில் கிடக்கும் விதை, சென்ற ஆண்டு நம் ஊரில் அடித்த வெயிலைப் பார்க்கவில்லை. உங்கள் மாடியில் ஒவ்வொரு பட்டமும் பிழைத்துக் காய்த்த செடியின் விதை பார்த்திருக்கிறது.

ஐந்தாறு பைகளால் ஒரு குடும்பத்தின் வருடாந்திரத் தக்காளித் தேவை தீராது, கடைக்குப் போகத்தான் வேண்டும். விதை மட்டும் தீராமல் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலோ கிணற்றடியிலோ, யாரும் நடாமல் வருடாவருடம் தானாக முளைக்கும் தக்காளிச் செடி இருக்கிறதா? வயதானவர்கள் அதற்கு ஏதாவது பெயர் சொல்கிறார்களா? இந்த முறை ஊருக்குப் போகும்போது நாலு பழம் பறித்து வாருங்கள். பெயரையும் ஊரையும் சீட்டில் எழுதுங்கள். விதையை எடுத்து, குறைந்தது இரண்டு வீடுகளுக்காவது கொடுத்து வையுங்கள். ஒரு வீட்டில் செடி பட்டுப்போனாலும் இன்னொரு வீட்டில் கேட்டு வாங்கலாம்.